மாடியை எண்ணுவோர் கவர் பிளாக்கையும் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகர்கோவிலில் அடுக்குமாடி வீடு வாங்கப் போகிறவர்கள் கேட்பது எத்தனை மாடி, லிஃப்ட் உண்டா, மேலே நின்றால் கடல் தெரியுமா என்பதுதான். கடல் தெரிகிற வீட்டுக்கு உப்புக்காற்றும் வரும்; அது கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

ஹாங்காங்கின் 484 மீட்டர், 108 மாடி ஐ.சி.சி. (இன்டர்நேஷனல் காமர்ஸ் சென்டர்) கோபுரமும் கடலோரத்தில்தான் நிற்கிறது. அந்நகரில் 30 ஆண்டு கடந்த கட்டடங்களை 10 ஆண்டுக்கொரு முறை ஆய்வு செய்யும் திட்டம் 2012 முதல் உண்டு. மூன்று மாடிக்கு மேற்படாத குடியிருப்புகளுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் உயரம் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயர்மாடிக் கட்டடம். துரு அந்தக் கணக்கெல்லாம் பார்த்து வருவதில்லை.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கடலோரச் சூழலுக்குச் சொல்வது: கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கான்கிரீட் (இதைத்தான் கவர் என்கிறோம்), எம்30 என்ற வலிமைத் தரத்துக்குக் குறையாத கலவை, 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு அதிகபட்சம் 22.5 லிட்டர் தண்ணீர். மணலில் உள்ள ஈரமும் இந்தக் கணக்கில் சேரும். மழைநாளில் அதை யார் கழிக்கிறார்கள்?

கம்பியை அச்சுப் பலகையில் படாமல் தள்ளி நிறுத்தும் சிறு கட்டைதான் கவர் பிளாக். அது தீர்ந்தால் கம்பிக்கு அடியில் சல்லியைத் தள்ளுகிறார்கள். கான்கிரீட் கொட்ட ஆள் ஏறியதும் சல்லி நழுவும், கம்பி பலகையில் உட்காரும். பலகையைப் பிரித்தால் கம்பி வரிவரியாகத் தெரியும்; பிறகு சாந்து பூசி மறைத்துவிடுவார்கள். பூச்சு ஒருபோதும் கவராகாது. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. நனைந்து காய்ந்து, மறுபடி நனைய நனைய உப்பு உள்ளே இறங்கும். துரு இரும்பைவிடக் கூடுதல் இடம் பிடிப்பதால் கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கிறது. தூணின் மூலையில் கம்பியின் போக்கிலேயே நேர்கோடாக வெடிப்பு கண்டால் காரணம் இதுதான்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வேறு. காலையில் போட்ட தளம் மதியத்துக்குள் மேல்ஈரம் வற்றி மயிரிழை வெடிப்பு விடும். உடனே பாலித்தீன் தாள் மூட வேண்டும். பி.பி.சி. (சாம்பல் கலந்த போசோலானா) சிமென்ட் என்றால் 10 நாள் நனைப்பு தேவை. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம். தூணுக்கோ சாக்கு சுற்றி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லா மாடியையும் தாங்குகிற தூணைத்தான் மூன்றாம் நாளே கைவிடுகிறார்கள்.

கவர் மீட்டர் என்ற கருவியைத் தூணின்மேல் நகர்த்தினால் கம்பி எத்தனை மி.மீ. உள்ளே இருக்கிறது என்று தெரிந்துவிடும். பூச்சுக்கு முன்பே இதை அளந்து, பணி நிறைவுச் சான்றுக்கான விண்ணப்பத்தோடு இணைக்கச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர்கள் சிலர்,
நாகர்கோவில்.