ட்ரிலியத்தைக் காட்டிலேயே விடுங்கள்: ரொறன்ரோத் தமிழ்த் தோட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோட்டக் குழு நிர்வாகிகளுக்கும், முதியோர் சங்கங்களில் வெளிப்பயணங்களை ஒழுங்குசெய்யும் அண்ணன்மார் அக்காமாருக்கும் வணக்கம்.

நாற்றுகள் கைமாறும் காலம் வருகிறது. கத்தரி, மிளகாய், பாகல் எல்லாம் வீட்டுக்கு வீடு போகும். அவற்றுக்கு நடுவே இப்போது இன்னொன்றும் வரத் தொடங்கியிருக்கிறது. காட்டில் மண்ணோடு தோண்டி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவந்த ட்ரிலியம் என்ற காட்டுப் பூச்செடி. "அங்கே நிறையக் கிடக்குது, ஆருக்கு வேணும்?" என்று ஒரு குழுவில் படம் போட்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே "எனக்கு, எனக்கு" என்று கேட்டுவிட்டார்கள். கொடுத்தவர் நல்ல மனதோடுதான் கொடுத்தார், கேட்டவர்களும் ஆசையில்தான் கேட்டார்கள். ஆனாலும் இந்தப் பழக்கம் வேண்டாம் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்ராறியோவில் இருக்கும் நமக்கு ட்ரிலியம் என்ற பெயர் புதிதல்ல. 1937இல் வெள்ளை ட்ரிலியத்தை மாகாணப் பூவாக அறிவித்தார்கள். மாகாண அரசின் சின்னத்தில் இருப்பதும் அதுதான். வரிக் கணக்குக் கொடுத்த பிறகு ட்ரிலியம் பெனிஃபிட் என்ற மாகாண உதவிப்பணம் விழுந்துவிட்டதா என்று வங்கிக் கணக்கைப் பார்க்கிறோம். ரொறன்ரோத் தீவுப் படகுகளில் 1910இல் கட்டிய பழைய நீராவிப் படகுக்கும் அதே பெயர். இப்படிப் பெயரோடு இத்தனை பழக்கம் இருந்தும், ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பல வருடம் இருந்த நம்மவர்கள் பலர் அந்தப் பூவைக் காட்டில் நேரே பார்த்ததில்லை.

பார்க்க வேண்டும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதிவரை, அன்னையர் தினத்தை ஒட்டி, மேப்பிளும் பீச்சும் நிற்கிற காட்டுக்குள் போய்ப் பாருங்கள். மரங்கள் இன்னும் இலை விரிக்காததால் வெயில் நேரே தரைக்கு இறங்கும். பழுப்புச் சருகு முழுக்க வெள்ளையாக இருக்கும். ஒரு செடிக்குப் பக்கத்தில் குந்திப் பார்த்தால் மூன்று இலை, அதற்கு மேலே மூன்று பச்சைப் புல்லிதழ், அதற்கு மேலே ஓரம் இலேசாக அலையோடிய மூன்று வெள்ளை இதழ். பூத்து நாளாக ஆக அந்த வெள்ளை மெல்ல ரோஸ் நிறத்துக்கு மாறும். பக்கத்தில் கருஞ்சிவப்பாக ஒன்று நின்றால் அது சிவப்பு ட்ரிலியம். மூக்கைக் கொண்டுபோனால் அழுகல் நாற்றம் அடிக்கும். அதைத் தேடி வருவது ஈக்கள், அவைதான் அதற்கு மகரந்தம் சேர்க்கின்றன. மேலே இலை மூடியதும் வெயில் குறைந்துவிடும். அந்தச் சில வாரங்களுக்குள் ஒரு வருடத்துச் சாப்பாட்டில் பெரும்பகுதியை இந்தச் செடி சேர்த்துவிட வேண்டும்.

கார்த்திகைப் பூவும் ட்ரிலியமும் தாவரவியலில் ஒரே வரிசையைச் சேர்ந்தவை, இரண்டும் நிலத்துக்கு அடியில் கிழங்கு வைத்திருப்பவை. ஆனால் கார்த்திகைக் கிழங்கு மழை கண்டால் எழும்பி, கொடியோடி, அதே பருவத்தில் பூத்துவிடும். ட்ரிலியத்தின் கணக்கே வேறு. விதை விழுந்த பிறகு வரும் முதல் வசந்தத்தில் மண்ணுக்கு மேலே ஒன்றும் தெரியாது. உள்ளே ஒரு வேர் மட்டும் இறங்கும். இரண்டாவது வசந்தத்தில்தான் புல்லைப் போல ஒடுங்கிய ஒரு வித்திலை எட்டிப் பார்க்கும். அதற்குப் பிறகு சில வருடம் ஒற்றை இலையோடே நிற்கும். பிறகு மூன்று இலை. பூ வருவதற்கு விதையிலிருந்து 7 முதல் 10 வருடம் ஆகும். நீங்கள் மண்வெட்டியால் கிளப்புகிற செடியின் கிழங்கைக் கழுவிப் பார்த்தால் குறுக்கே வரிவரியாகத் தழும்புகள் தெரியும். வருடத்துக்கு ஒன்று. பையில் போகிற அந்தச் செடி, தோண்டியவர் வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையைவிட மூத்ததாக இருக்கலாம்.

காட்டில் நிறையக் கிடக்கிறது என்பது உண்மைதான். அது எப்படி நிறைந்தது என்பதையும் பார்க்க வேண்டும். விதையின் ஒரு பக்கத்தில் எண்ணெய்ச் சத்துள்ள சிறு சதைத் துண்டு ஒட்டியிருக்கும். எறும்பு அதற்கு ஆசைப்பட்டு விதையைப் புற்றுக்கு இழுத்துப் போகும். சதையைத் தின்றுவிட்டு விதையைக் குப்பையோடு தள்ளிவிடும், அங்கே அது முளைக்கும். எறும்பு கொண்டுபோகும் தூரம் சில மீற்றர்தான். ஒரு காலத்தில் இந்த மாகாணம் முழுவதும் பனிப்பாளத்துக்கு அடியில் கிடந்தது. பனி உருகிய பிறகு தெற்கிலிருந்து இவ்வளவு தூரத்துக்கு எறும்பு மட்டும் இந்த விதையைச் சுமந்து வந்திருக்க முடியாது. மான் தின்ற பழத்தின் விதை அதன் எச்சத்தோடு கிலோமீற்றர் கணக்கில் போய் முளைக்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எறும்பும் மானும் ஆயிரக்கணக்கான வருடங்களாகப் போட்டு வைத்த நடவுதான் அந்த வெள்ளைத் தரை. (இப்போது மான் கூடிப்போன இடங்களில் அதே மான் இலையும் பூவுமாக மேய்ந்து ட்ரிலியத்தை அழிக்கிறது என்பதும் உண்மை.)

பறிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அம்மாவுக்கு என்று பிள்ளைகள் ஒடிக்கும்போது பூவோடு மூன்று இலையும் சேர்ந்து வந்துவிடும். அந்த வருடம் அதற்கு வேறு இலை வராது. கிழங்குக்குச் சாப்பாடு இல்லை. சில செடி செத்துப்போகும், பிழைத்தது மறுபடி பூக்கப் பல வருடம் எடுக்கும்.

"ட்ரிலியம் பறித்தால் பொலிஸ் பிடிக்கும்" என்று ஒரு கதை நம்மிடையே உலாவுகிறது. அப்படி ஒரு பொதுச் சட்டம் ஒன்ராறியோவில் இல்லை. ஆனால் மாகாணப் பூங்காக்களிலும், 2015இல் உருவான ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவிலும், பாதுகாப்புப் பகுதிகளிலும் எந்தச் செடியைப் பிடுங்கினாலும் குற்றம். நாம் போகிற காடுகள் பெரும்பாலும் இவைதான். மற்றவருடைய வளவில் தோண்டுவது எப்படிப் பார்த்தாலும் களவு. அதோடு, இங்கே இயல்பாக வளரும் ஐந்து வகையில் தலைகவிழ்ந்து பூக்கிற ஒன்று கனடாவில் அழியும் நிலையில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்டது. பூக்காத செடியைப் பார்த்து எது எந்த வகை என்று நம்மில் யாருக்குத் தெரியும்?

வெள்ளை இதழில் பச்சைக் கோடு ஓடிய பூவைக் கண்டால் அபூர்வ இனம் என்று நினைத்து அதையே தேடித் தோண்டுகிறார்கள். அது இனம் அல்ல, நோய். பக்டீரியா போன்ற ஒரு நுண்ணுயிர் செடிக்குள் புகுந்ததால் வரும் நிறம் அது. அந்தச் செடி வருடத்துக்கு வருடம் நலிந்துகொண்டே போகும்.

சரி, வீட்டில் வளர்க்கவே கூடாதா? தாராளமாக வளர்க்கலாம். வளர்க்க வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். நர்சரிக்குப் போனால் ஒரு கேள்வி கேளுங்கள்: இது விதையிலிருந்தோ தங்கள் கிழங்கைப் பிரித்தோ நீங்களே உண்டாக்கியதா, அல்லது எங்கேயோ தோண்டி வந்து தொட்டியில் ஒரு பருவம் வைத்திருந்ததா? நேரான பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். பத்து வருடம் வளர்த்த செடியை யாரும் மலிவு விலைக்குக் கொடுக்க மாட்டார்கள். விலை மிகக் குறைவாக இருந்தாலே சந்தேகப்படுங்கள்.

இடம்தான் முக்கியம். கத்தரி வைக்கிற வெயில் பாத்தி இதற்கு ஆகாது. இலையுதிர் மரத்தின் கீழே, வசந்தத்தில் வெயிலும் கோடையில் நிழலும் கிடைக்கிற இடம் வேண்டும். தெருவோரங்களில் நிற்கிற நோர்வே மேப்பிளின் கீழே வைக்காதீர்கள். அதன் வேர் மேலேயே பின்னிக்கிடந்து ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிடும். கிழங்கை இலையுதிர் காலத்தில், செடி உறங்கும்போது, நாலு விரல் ஆழத்தில் வையுங்கள். ஆட்டெரு மூட்டை தேவையில்லை, மக்கிய இலையே போதும். பழுப்புக் காகிதப் பைகளில் கட்டித் தெருவில் வைக்கிறோமே, அந்த இலையைத்தான் சொல்கிறேன். அதை அங்கேயே பரப்பி விடுங்கள். முதல் கோடைகளில் மண் காய விடாதீர்கள். ஆடியில் செடி மஞ்சளாகிப் படுத்தால் செத்துவிட்டது என்று கிளறவும் வேண்டாம்.

பொறுமை உள்ளவர்கள் விதையில் தொடங்கலாம். ஜூலை கடைசி, ஓகஸ்ட் வாக்கில் காய் இளகும். விதையை உலரவிடாமல் உடனே நிழலில் ஊன்றி, பெயர்ப்பலகை ஒன்று குத்தி வையுங்கள். இல்லாவிட்டால், இரண்டு வருடம் ஒன்றும் தெரியாத இடத்தில் வேறு எதையாவது நட்டுவிடுவோம்.

இன்னொன்றும் உண்டு, மண்புழு. நம் பாத்திக்கு அது நல்லது. ஆனால் பனிப்பாளம் கிடந்த இந்தக் காடுகளுக்குச் சொந்தமான மண்புழு அநேகமாக இல்லை. இப்போது இருப்பவை ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்தவை. சருகுப் படுக்கையை அவை தின்று முடித்தால் ட்ரிலியம் விதைக்கு முளைக்க இடமில்லை. மீன் பிடித்து மிஞ்சிய புழுவையும், தொட்டி மண்ணையும் காட்டோரத்தில் கொட்டாதீர்கள்.

நிர்வாகிகளிடம் நான் கேட்பது இவ்வளவுதான். இந்த வருட நாற்றுப் பரிமாற்ற அறிவித்தலில் ஒரு வரி சேருங்கள்: காட்டில் தோண்டிய செடிகள் ஏற்கப்பட மாட்டாது. யாராவது கொண்டுவந்தால் எல்லார் முன்னாலும் கடிந்துகொள்ளாமல், தனியே கூப்பிட்டு விளங்கப்படுத்துங்கள். அப்புறம், நயாகராவுக்கு வருடா வருடம் போகிற பஸ்ஸை ஒரு தடவை மே மாதத்தில் ரூஜுக்கோ புரூஸ் நடைபாதைக்கோ திருப்புங்கள். வூட்ஸ்டொக் பக்கம் ட்ரிலியம் வுட்ஸ் என்றே ஒரு சிறிய மாகாணப் பூங்கா இருக்கிறது. காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு பாதையிலேயே நடக்கச் சொல்லுங்கள், உண்ணி கடிக்கிற காலம் அது. பாதையை விட்டு இறங்கினால் மிதிபடுவது, முன்னே சொன்ன அந்த ஒற்றை இலைக் குஞ்சுகள். அவற்றைப் புல் என்று நினைத்து மிதித்துவிடுவோம்.

என் வளவில் சில செடிகள் இந்தக் கோடையில் காய்க்கும் போலிருக்கிறது. விதை வேண்டும் என்பவர்கள் குழுவில் பெயரைச் சொல்லி வையுங்கள். ஈரப் பாசியில் பொதிந்து, ஓகஸ்ட் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு தோட்டக்காரி