வாசிப்பு சரளம், கருத்து எங்கே? – பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

ரங்கூன்

அன்புடைய பெற்றோர்களுக்கு வணக்கம்.

நம் ஞாயிறு தமிழ் வகுப்பின் அரையாண்டுத் தேர்வுத் தாள்கள் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டன. நான்காம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை மதிப்பெண் சரிந்திருப்பது ஒரே வினாவில்தான். ஆறு வரிப் பத்தி ஒன்றைக் கொடுத்து, ‘மையக்கருத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுக, அதற்குத் துணைநிற்கும் செய்திகள் மூன்றைக் குறிப்பிடுக’ என்று கேட்டிருந்தோம். எழுத்துப்பிழை அதிகம் இல்லை. சத்தமாக வாசிக்கச் சொன்னால் கணீரென்று வாசிக்கிறார்கள். வாசித்ததில் எது முக்கியம், எது அதைத் தாங்கி நிற்கிறது என்று பிரிக்கத்தான் வரவில்லை. மற்ற நாள்களில் போகும் பள்ளிக்கூடத்தில் பாடத்தை வரிக்கு வரி ஒப்பித்துப் பழகிய பிள்ளைக்கு எல்லா வரியும் ஒரே எடைதான்.

தேர்வில் வந்த பத்தி இது:

“வடக்கே கச்சின் மலைநாட்டில் தொடங்கும் ஐராவதி ஆறு ஏறத்தாழ 2,170 கிலோமீட்டர் ஓடி அந்தமான் கடலில் கலக்கிறது. மண்டலை, பகான், பியே ஆகிய ஊர்கள் அதன் கரையில் எழுந்தவை. சாலை வசதி இல்லாத காலத்தில் தேக்கு மரங்களைத் தெப்பமாகக் கட்டி, இந்த ஆற்றில் மிதக்கவிட்டுத்தான் தெற்கே கொண்டுவந்தார்கள். ஆறு கடலைத் தொடும் கழிமுகத்தில் நெல் செழித்து விளைகிறது. மண்டலைக்கு வடக்கே டால்பின்கள் மீன்களை வலையின் பக்கம் விரட்டிக் கொடுத்து மீனவர்களுக்கு உதவுகின்றன. அதனால்தான் ஐராவதியை இந்த நாட்டின் உயிர்நாடி என்கிறார்கள்.”

பலர் எழுதிய விடை: ‘ஐராவதி ஆறு’. இது எதைப் பற்றிய பத்தி என்ற கேள்விக்குத்தான் விடை. அந்த ஆற்றைப் பற்றிப் பத்தி என்ன சொல்கிறது என்பதே மையக்கருத்து. இலக்கணத்தில் சொன்னால், பிள்ளை எழுவாயோடு நின்றுவிட்டது, பயனிலை வரவில்லை. பயனிலை இல்லாத விடைக்கு எங்கள் ஆசிரியர்கள் மதிப்பெண் தரமாட்டார்கள். இதை வீட்டில் சரிசெய்ய ஒரே கேள்வி போதும். பிள்ளை ‘ஐராவதி ஆறு’ என்றதும், ‘சரி, அதுக்கு என்ன?’ என்று கேளுங்கள்.

இன்னும் சிலர் டால்பினைப் பிடித்துக்கொண்டார்கள். ‘டால்பின்கள் மீனவர்களுக்கு உதவுகின்றன’ என்பதே அவர்கள் எழுதிய மையக்கருத்து. ஏன் என்று புரிகிறது. பத்தியிலேயே சுவையான வரி அதுதான். ஆனால் சுவையான வரியும் முக்கியமான வரியும் ஒன்றல்ல. இதற்கு வகுப்பில் நாங்கள் செய்யும் சோதனை ஒன்று உண்டு. சந்தேகப்படும் வரியைக் கட்டைவிரலால் மூடிவிட்டு மற்றதை வாசிக்கச் சொல்லுங்கள். டால்பின் வரியை மூடினால் பத்தி அப்படியே நிற்கும். ஒரு சான்றுதான் குறையும். கடைசி வரியை மூடினால் ஊர், தேக்கு, நெல், டால்பின் என்று தனித்தனிச் செய்திகள் மிஞ்சும்; இவற்றை எதற்காகச் சொன்னார்கள் என்பதே தெரியாது. எந்த வரியை மூடினால் மற்றவை திக்கற்றுப்போகின்றனவோ அதுதான் மைய வரி.

மூன்றாவது வகைத் தவறு முதல் வரியை அப்படியே எடுத்து எழுதுவது. கீழ் வகுப்புப் பாடங்களில் மையக்கருத்து பெரும்பாலும் முதல் வரியில் இருக்கும், அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. தமிழில் காரணங்களை முதலில் அடுக்கிவிட்டு முடிவைக் கடைசியில் சொல்வது சகஜம் என்பதால் ஐந்தாம் வகுப்புக்கு மேல் இந்தக் குறுக்குவழி அடிக்கடி கவிழ்த்துவிடும். ‘ஆகவே’, ‘எனவே’, ‘அதனால்தான்’, ‘இவ்வாறு’ என்று தொடங்கும் வரியைக் கண்டால் ஒரு கணம் நிற்கப் பழக்குங்கள். ‘பலரும் இப்படி நினைக்கிறார்கள், ஆனால்…’ என்று வந்தால் ‘ஆனால்’ என்பதற்குப் பின்னால் வருவதே கனமானது. ‘எடுத்துக்காட்டாக’, ‘சான்றாக’, ‘மேலும்’ என்று தொடங்குபவை பெரும்பாலும் துணைச் செய்திகள். இவை அடையாளங்கள்தாம், சட்டம் அல்ல. இரண்டு சின்னச் செய்திகளை இணைக்கக்கூட ‘எனவே’ வரும். ஆகையால் கட்டைவிரல் சோதனையை விட்டுவிட வேண்டாம்.

துணைச் செய்திக்கு வருவோம். மையக்கருத்தைச் சொல்லிவிட்டு ‘எப்படி?’, ‘ஏன்?’ என்று கேட்டால் பதிலாக வந்து நிற்பதே துணைச் செய்தி. ஐராவதி உயிர்நாடி, எப்படி? கரையில் ஊர்கள் எழுந்தன, தேக்கு அதில் வந்தது, கழிமுகத்தில் நெல் விளைகிறது. மூன்றும் சரி. மீனவர்களுக்குப் பிழைப்புத் தருகிறது என்று எழுதினாலும் சரி. ‘2,170 கிலோமீட்டர்’ என்று மட்டும் எழுதிய பிள்ளைக்கு அந்த மதிப்பெண் கிடைக்கவில்லை. நீளமாக இருப்பதாலேயே ஓர் ஆறு உயிர்நாடி ஆகிவிடாது. எண்ணைக் கண்டதும் அதுதான் முக்கியம் என்று அடிக்கோடு இழுப்பது பெரிய பிள்ளைகளிடமும் இருக்கிறது.

மைய வரி எழுதப்படாத பத்திகளும் வரும். ஆறாம், ஏழாம் வகுப்பார் இதில்தான் திணறுகிறார்கள். ஒரு சின்னப் பத்தி: “தனக்கா மரத்தின் பட்டையை வட்டக் கல்லில் தண்ணீர் விட்டு உரைக்கிறார்கள். அந்தக் குழம்பைக் கன்னத்தில் பூசினால் வெயிலுக்குக் குளுமையாக இருக்கும். இலை வடிவிலும் வட்டமாகவும் அழகாகப் பூசிக்கொள்வோர் உண்டு. பள்ளிப் பிள்ளைகள், வேலைக்குப் போகும் பெண்கள், வயதானவர்கள் என்று பலர் முகத்திலும் அதைக் காணலாம்.” இதில் எந்த வரியையும் பெயர்த்து எழுத முடியாது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரே சொல்லைக் குறிக்கச் சொல்லுங்கள்: செய்முறை, குளுமை, அழகு, யார். பிறகு அவற்றைச் சேர்த்து ஒரு வாக்கியம்: ‘இந்த நாட்டில் குளுமைக்காகவும் அழகுக்காகவும் எல்லா வயதினரும் தனக்கா பூசுகிறார்கள்.’ ‘மக்கள் அழகை விரும்புகிறார்கள்’ என்றால் பத்தியை விட அகலம். ‘தனக்காவைக் கல்லில் உரைப்பார்கள்’ என்றால் ஒரு வரிக்குள் அடங்கிய குறுகல். செய்முறை வரி தவிர மற்ற மூன்றையும் உள்ளடக்கி நிற்கிற அளவே சரியான அளவு.

கதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதைக் கொடுத்தாலும் ‘இதனால் அறியும் நீதி’ என்று தொடங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆற்றைப் பற்றிய பத்தியில் நீதி தேட வேண்டியதில்லை. பயிற்சிக்குச் செய்திப் பத்திகளையே கொடுங்கள். கோவில் திருவிழா அறிவிப்பு இதற்கு உதவாது. நாள், நேரம், இடம் தேடிப் பழக மட்டும் நல்லது.

வீட்டில் செய்ய வேண்டிய முறை இது. வாரம் மூன்று நாள், ஒரு நாளுக்கு ஒரு பத்தி, ஐந்து முதல் எட்டு வரிக்குள். முதல் வாசிப்பில் பென்சிலைக் கையில் தராதீர்கள். தந்தால் எல்லா வரிக்கும் கோடு விழும். இரண்டாம் வாசிப்புக்குப் பின் புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பார்த்துச் சொன்னால் பெயர்த்துத்தான் சொல்வார்கள். தமிழ் வராமல் பர்மியத்தில் சொன்னால் தடுக்க வேண்டாம். கருத்து பிடிபட்டதா என்பதே முதல் கேள்வி. தமிழில் எழுதுவது அடுத்த படி. அதன் பிறகே பென்சில்: மைய வரிக்கு முழுக்கோடு, துணைச் செய்திக்குப் புள்ளிக்கோடு. ஒரு பத்தியில் தெரியாத சொல் ஐந்துக்கு மேல் வந்தால் பத்தியை மாற்றிவிடுங்கள். அது சொல் படிக்கிற பாடமாகிவிடும்.

உங்களுக்குத் தமிழ் பேச மட்டும்தான் தெரியும் என்றால் தயங்க வேண்டாம். பிள்ளை வாசிக்கட்டும், நீங்களோ பாட்டியோ தாத்தாவோ கேட்டுக்கொண்டிருந்து ‘அதுக்கு என்ன?’, ‘எப்படி?’ என்ற இரண்டு கேள்வியைக் கேட்டால் போதும். ஒரேயொரு வேண்டுகோள்: பிள்ளை விழித்தால் விடையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். காத்திருங்கள், மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள்.

இக்கடிதத்தோடு ஆறு பத்திகள் இணைத்திருக்கிறோம். முதல் மூன்றில் மைய வரி வெளிப்படையாக இருக்கும், நான்காவதிலும் ஐந்தாவதிலும் இருக்காது. ஆறாவதில் பத்தியோடு ஒட்டாத ஒரு வரியை வேண்டுமென்றே நுழைத்திருக்கிறோம். அதைக் கண்டுபிடித்து அடித்துவிட வேண்டும். கோடிட்ட தாள்களை இரண்டு வாரம் கழித்து வரும் ஞாயிறு வகுப்புக்குக் கொடுத்தனுப்புங்கள். தவறாகக் கோடிட்டிருந்தாலும் அழிக்காமல் அனுப்புங்கள், எங்கே வழுக்குகிறது என்பது வகுப்பாசிரியருக்கு அதில்தான் தெரியும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்