மழைக்கு முன் மரம் அறுக்கும் மெஷினை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

புரட்டாசி பாதி தாண்டிவிட்டது. வாய்க்கால் தூர்வாருவதும் வரப்பு கட்டுவதுமாக எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பீர்கள். பம்ப்செட் கொட்டகையின் மூலையில் சாக்கு போர்த்திக் கிடக்கும் செயின் சா மீது இப்போது யாருக்கும் நினைப்பு போகாது. அதனால்தான் இந்த மடல்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் என்ன செய்துவிட்டுப் போனது என்று பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்துக்காரர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. வழி கொஞ்சம் திறந்ததும் கடை வாசலில் கூட்டம் சேர்ந்தது. பாதிப் பேர் புது மெஷின் கேட்டு வந்தவர்கள். மீதிப் பேர் கையில் மெஷினோடு வந்தவர்கள். "போன வருஷம் நல்லா ஓடுச்சுங்க, இப்ப இழுத்து இழுத்து கைதான் வலிக்குது." கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒரே கோளாறு. டேங்கில் போன வருஷத்துப் பெட்ரோல் அப்படியே கிடந்தது.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். அந்த அவசரத்தில், கிடைத்த இடத்திலிருந்து ஒரு லோடு மெஷின் வாங்கி விற்றோம். விலை குறைவு, பார்க்க நன்றாக இருந்தது. இரண்டே மாதத்தில் ஆயில் பம்பும் ஸ்டார்ட்டர் ஸ்பிரிங்கும் போய்த் திரும்பி வந்தன. சப்ளை செய்தவரிடம் ஸ்பேர் இல்லை. வாங்கியவர்கள் முகத்தைப் பார்க்க எங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து, ஸ்பேர் எங்கள் அலமாரியில் இல்லாத மெஷினை நாங்கள் விற்பதில்லை.

ஆகவே எங்கு வாங்கினாலும், எங்களிடமே வாங்கினாலும், முதலில் நாலு சாமான் இருக்கிறதா என்று கேளுங்கள்: கார்புரேட்டர் கிட், ஸ்டார்ட்டர் ஸ்பிரிங், ஆயில் பம்ப், செயினை ஓட்டும் ஸ்ப்ராக்கெட். இருந்தால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வரவழைத்துத் தருகிறோம் என்றால் நன்றாக யோசியுங்கள். புயலுக்கு மறுநாள் எந்தப் பார்சலும் வராது. கரண்டும் வராது. கஜாவுக்குப் பிறகு பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. கரண்டில் ஓடும் ரம்பம் வீட்டுத் தச்சு வேலைக்குச் சரி, விழுந்த தோப்புக்குப் பெட்ரோல் மெஷின்தான்.

அப்புறம் அளவு. 58 சிசி, 22 இஞ்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தால் நம்மவர்களுக்கு ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. தென்னை அடிமரம் தவிர்த்து ஒரு அடி குறுக்களவுதான். அதற்கு 45 முதல் 50 சிசி எஞ்சினும் 16 அல்லது 18 இஞ்ச் பாரும் தாராளம். பார் நீண்டால் கை சீக்கிரம் தளரும், எஞ்சினும் திணறும். சீமைக் கருவேலமும் வேலி வேலையும்தான் என்றால் 35 முதல் 40 சிசி போதும். பெரிய புளி, தூங்குமூஞ்சி அறுப்பவர்களுக்கு மட்டும் 60 சிசிக்கு மேல் தேவைப்படும்.

இனி பெட்ரோல். இது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். தனியாக எஞ்சின் ஆயில் ஊற்றும் இடம் கிடையாது, பெட்ரோலில் கலக்கும் ஆயில்தான் பிஸ்டனைக் காப்பாற்றுகிறது. 50-க்கு 1 என்று புத்தகத்தில் இருந்தால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. குத்துமதிப்பாக மூடியில் அளந்து ஊற்ற வேண்டாம். மருந்துக் கடையில் ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்கிக் கேனில் கட்டி வையுங்கள். பைக்குக்கு ஊற்றும் ஃபோர்-ஸ்ட்ரோக் ஆயில் இதற்கு ஆகாது. ஆயிலே கலக்காமல் ஒரு டேங்க் ஓட்டினால் பிஸ்டனும் சிலிண்டரும் கீறிப் போகும். அந்தச் செலவில் பாதி மெஷின் வாங்கிவிடலாம்.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். நம் கடலோரக் காற்றில் கேட்கவே வேண்டாம். மாதக்கணக்கில் வைத்தால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வும் பெட்ரோல் டியூபும் விறைத்துப் போகும். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். வேலை முடிந்து மெஷினை ஓரங்கட்டும்போது டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிட்டு வையுங்கள். இந்த மடலில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

செயினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைய செயின் பல்லின் வடிவம் ஒரு புழுவிடமிருந்து வந்தது. 1946-இல் அமெரிக்காவின் ஓரிகன் காட்டில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி, ஒரு வண்டின் புழு மரத்தை இடமும் வலமுமாகச் சீவித் தின்பதைப் பார்த்தார். அதன் தாடை போலவே பல் செய்தார். கைவாள் ராவுவது போல இது ராவாது, உளி போல மரத்தைச் செதுக்கும். உளி மழுங்கினால் என்ன ஆகும் என்று தச்சரிடம் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

கூரான செயின் தானாகவே மரத்துக்குள் இறங்கும். நீங்கள் அமுக்க வேண்டியிருந்தால், திரி திரியாக விழாமல் மாவு போலத் தூள் விழுந்தால், மழுங்கிவிட்டது என்று அர்த்தம். வெட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து போனால் ஒரு பக்கத்துப் பற்கள் குட்டையாகிவிட்டன. தென்னை நமக்குப் பழகிய மரம், ஆனால் செயினுக்குப் பெரிய எதிரி. உள்ளே சோறு போல மென்மை, வெளிச்சுற்று இரும்பு. விழுந்த மரத்தில் ஒட்டிய மணல் வேறு. ஒருமுறை தரையைத் தொட்டால் போதும், அத்தனை பல்லும் போகும்.

இரண்டு மூன்று டேங்குக்கு ஒருமுறை அரம் போடுங்கள். கண்ணி இடைவெளி (பிட்ச்) .325 இஞ்ச் உள்ள செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம், சிறிய மெஷின்களில் வரும், உயரம் குறைந்த (லோ-புரொஃபைல்) 3/8 இஞ்ச் செயினுக்கு 4 மில்லிமீட்டர். பெரும்பாலான செயின்களுக்கு 30 டிகிரி சாய்வு. உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள், திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றுதான். பழக்கமில்லாதவர்கள் கடைக்கு வாருங்கள், பத்து நிமிடத்தில் பழக்கிவிடுகிறோம். அதற்குக் காசு கிடையாது.

செயின் ஆயிலுக்குப் பதில் பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றுவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து வேண்டாம். அது செயினில் ஒட்டாது, அதிலிருக்கும் இரும்புத் துகள் பாரையும் பம்பையும் தின்னும். பெட்ரோல் டேங்க் தீரும்போது செயின் ஆயிலும் ஏறக்குறையத் தீர்ந்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் மிச்சமிருந்தால் ஆயில் வழி அடைத்திருக்கிறது. பார் நுனியை ஒரு அட்டைக்கு நேராகப் பிடித்து ஆக்ஸிலேட்டர் கொடுங்கள், அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். செயின் மாற்றும்போதெல்லாம் பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும். ஏர் ஃபில்டரை அன்றன்றைக்குத் தட்டிச் சுத்தம் செய்தால் போதும்.

கடைசியாக, எங்களுக்கு மனம் பதறும் விஷயம். பார் நுனியின் மேல் பாதி எதிலாவது பட்டால் மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். முன் கைப்பிடிக்கு எதிரே இருக்கும் செயின் பிரேக் அதற்குத்தான். தொந்தரவாக இருக்கிறது என்று கழற்றிய மெஷினை நாங்கள் அப்படியே சர்வீஸ் செய்து தருவதில்லை, முதலில் பிரேக்கைப் போட்டுத்தான் தருவோம். ஸ்டார்ட் செய்யும்போது மெஷினைத் தரையில் வைத்து, பின் கைப்பிடியைக் காலால் அழுத்தி, பிரேக் போட்டு இழுங்கள். லுங்கியும் ரப்பர் செருப்புமாக வேலைக்கு இறங்காதீர்கள்.

புயலில் சாய்ந்து, வில்லாக வளைந்து கிடக்கும் மரம் நிற்கும் மரத்தை விட ஆபத்து. எந்தப் பக்கம் அழுந்தியிருக்கிறது, எந்தப் பக்கம் விறைத்து இழுபடுகிறது என்று பாருங்கள். அழுந்திய பக்கத்தில் சிறிதாக ஒரு வெட்டு, பிறகு இழுபடும் பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல. மரம் எந்தப் பக்கம் தெறிக்குமோ அந்தப் பக்கம் நிற்காதீர்கள். அறுத்த துண்டுகளைத் தோப்பிலேயே மக்கவிடாமல் அப்புறப்படுத்துங்கள். காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும், பிறகு நீங்கள் நடும் கன்றின் குருத்துக்கு வரும்.

ஐப்பசி பிறக்கும் வரை எங்கள் கடையில் மெஷினைச் சோதித்துப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. ஸ்பேர் மாற்ற வேண்டியிருந்தால் விலை சொல்லி, நீங்கள் சரி என்ற பிறகே மாற்றுவோம். ஒரு நாள் விட்டு வைக்கும்படி இருக்கும். வரும்போது பெட்ரோல் கலக்கும் கேனையும், கழற்றிப் போட்ட பழைய செயின்களையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். அதில் பாதிக்கு இன்னும் உயிர் இருக்கும், அரம் போட்டுத் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் கடையிலிருந்து,
பட்டுக்கோட்டை