ஆர்க்கிடெக்ட் ஒஃபிஸ் நடத்திற மூத்தவங்களுக்குத் திருகோணமலையில இருந்து ஒரு திறந்த மடல்

கட்டடக்கலைத் தொழில்ல தலைமை இடத்தில இருக்கிற அண்ணைமாருக்கும் அக்காமாருக்கும், ட்ரெய்னிப் பிள்ளைகள வச்சு ஒஃபிஸ் நடத்திற எல்லாருக்கும் வணக்கம்.

நான் திருகோணமலை பெருந்தெருவில பிறந்து வளந்தவ. கட்டுபெத்தையில, மொறட்டுவப் பல்கலைக்கழகத்தில 5 வருசம் படிச்சு, கொழும்பில மூண்டு ஒஃபிஸில வேலை செய்து, இப்ப 6 வருசமா ஊரிலயே ஒரு சின்ன ஒஃபிஸ் வச்சிருக்கிறன், ரெண்டு மேசை, ஒரு டிராஃப்ட்ஸ்மன் தம்பி, நான். போன கிழமை மூதூர்ப் பிள்ளை ஒண்டு என்னட்ட வந்தா, படிப்பு முடியப்போகுது. "அக்கா, கொழும்பில ட்ரெய்னிங் இடம் கிடைச்சிருக்கு, ஆனா இரவு வேலை இருக்கும், சனி ஞாயிறு எண்டெல்லாம் பாக்க மாட்டம், லீவு கேக்கக்கூடாது எண்டு இன்டர்வியூவிலயே சொல்லிட்டாங்க, போகவா?" எண்டு கேட்டா. அவக்கு நான் உடன பதில் சொல்லேல்ல. வாயில வந்தது போங்க எண்டு தான், ஏனெண்டா எங்களுக்கும் அப்பிடித்தான் சொல்லித் தந்தவங்க, ஆனா சொல்ல மனம் வரேல்ல. அண்டு இரவு தான் இத எழுதத் தொடங்கினன்.

அம்மம்மாட வீட்டப் பத்திச் சொல்லாம இந்தக் கதையச் சொல்ல ஏலாது. பெருந்தெருவில பழைய ஓட்டு வீடு, நடுவில முத்தம், முத்தத்தச் சுத்தி விறாந்தை, பின்னால குசினி, குசினியில இருந்து கிணத்தடிக்கு இறங்கிற படி. வாடை மழைக்கு நாலு பக்க ஓட்டுத் தண்ணியும் முத்தத்துக்குள்ள தான் விழும், அம்மம்மா மூலைக்கு மூலை அண்டா வைப்பா, நாங்க சின்னப் பிள்ளைகள் எந்த அண்டா முதல்ல நிரம்புது எண்டு பாத்துக்கொண்டு நிப்பம். அம்மம்மா போன பிறகு அந்த வீட்டில இருக்க ஆளில்ல, மாமாமார் எல்லாம் வெளிநாட்டில, விக்கத்தான் வேணும் எண்டு முடிவெடுத்தாங்க, அதில நான் ஆரையும் குறை சொல்லேல்ல. நான் கேட்டது ஒண்டே ஒண்டு, உடைக்க முதல் நான் வந்து வீட்ட அளந்து கீறிப்போட்டுப் போறன் எண்டு. மாமாவும் சரி எண்டார், மார்கழி முடியுமட்டும் பொறுக்கிறதாச் சொன்னார்.

எனக்குத் தேவைப்பட்டது மூண்டு நாள் லீவு. அந்த நேரம் பாத்து, நான் அப்ப வேலை செய்த கொழும்பு ஒஃபிஸில ஒரு ஹோட்டல் சப்மிஷன், பிளான் குடுக்கிற கெடு. "இப்ப ஒருத்தரும் அசைய ஏலாது, முடியட்டும், பிறகு ஒரு கிழமையே எடுங்க" எண்டாங்க, சப்மிஷன் ரெண்டு தரம் பின்னுக்குப் போச்சு, நான் திரும்பக் கேக்கப் பயந்துபோய் இருந்திட்டன். அந்த நாட்கள்ல இரவு ரெண்டு மணி மூண்டு மணி வரைக்கும் நாங்க இருந்து கீறினது என்ன தெரியுமா, அந்த ஹோட்டலுக்கு ஒரு நடு முத்தம். முத்தம் எத்தின அடி அகலம் இருந்தா வெளிச்சமும் வரும் வெக்கையும் இறங்காது எண்டு ரெண்டு நாள் கதைச்சம். எங்கட வீட்டு முத்தத்துக்க மத்தியானத்திலயும் வெறுங்காலோட நிக்கலாம், ஆனா அது எத்தின அடி எண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்த மேசையில சொல்லியிருப்பன். தைப்பொங்கலுக்கு நைட் மெயில்ல ஊருக்கு வந்து இறங்கிப் பாக்கேக்க வளவு வெட்ட வெளியாக் கிடந்துது, கிணறு மட்டும், மேல தகரம் போட்டு மூடியிருந்துது.

பட்டப்படிப்பில பழைய கட்டடங்கள அளந்து கீறப் பழக்கினவங்க எங்களை, ஆரோ ஒருத்தர்ட வீட்டுத் தூண், வளை, ஓட்டுச் சரிவு எல்லாத்தையும் மில்லிமீட்டர் கணக்கில கீறி மார்க்ஸ் வாங்கினனான். நான் தவழ்ந்த வீட்ட மட்டும் அளக்கேல்ல. இத வெறும் குடும்பக் கவலை எண்டு தள்ளிப்போடாதீங்க. தொழிலுக்கே வந்த நட்டம் இது.

இதத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தன். ஒஃபிஸுக்கு வெளியில இருக்கிற வாழ்க்கைய எங்கட தொழிலுக்கு இடைஞ்சல் எண்டு நினைச்சு நடத்திறீங்க. எங்களுக்குத் தொழில் வாறதே அங்க இருந்து தான். ஒரு வீட்டில எத்தின மணிக்கு அடுப்பு மூட்டுறாங்க, செத்தவீடு நடந்தா சனம் எங்க இருக்கும், மகள் பெரியபிள்ளையானா எந்த அறையில விடுவாங்க, வயசான ஆள் இரவில எந்தப் பக்கத்தால பாத்ரூம் போவார், இதெல்லாம் கம்ப்யூட்டர்ல கீறிற ஓட்டோகேட்டில வராது. ஆக்களோட இருந்தா தான் வரும்.

உங்களுக்குத் தெரியாத ஆக்களச் சொல்லேல்ல நான். ஜெஃப்ரி பாவா முதல்ல சட்டத்தரணி, 1948ல பெந்தோட்டைக்குப் பக்கத்தில லுணுகங்கயில காணி வாங்கித் தோட்டம் செய்யத் தொடங்கி, அந்த ஆசை முத்தித்தான் படிக்கப் போய் 1957ல, 38 வயசில, ஆர்க்கிடெக்ட் ஆனவர். பிறகும் கன வருசமா வார முடிவில அந்தத் தோட்டத்துக்குப் போறத விடேல்ல. அந்த நாட்கள ஆரும் வீண் எண்டு சொல்லுவீங்களா? மினெட் டி சில்வா 1948ல பிரித்தானியக் கட்டடக் கலைஞர் நிறுவனத்தில அசோசியேட் ஆனா, ஆசியாவில இருந்து அப்பிடி ஆன முதல் பெண் அவதான். 1958ல கண்டி வட்டபுலுவவில அரச ஊழியர்களுக்கு வீட்டுத்திட்டம் செய்யேக்க, குடியிருக்கப் போற ஆக்களிட்டயே கேள்விக்கொத்துக் குடுத்து எப்பிடி வாழுறீங்க, என்ன தேவை எண்டு கேட்டுத்தான் வீடுகளக் கீறினவ, அந்தச் சனத்தில சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் இருந்தாங்க. எங்கட தொழில் அமைப்பு அவக்குத் தங்கப் பதக்கம் குடுத்தது 1996ல, அதுக்குப் பிறகு ரெண்டு வருசம் தான் இருந்தா. அத நினைக்கேக்க எல்லாம் எனக்கு மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு.

ஊருக்கு வந்து நான் கீறின முதல் வீடு நிலாவெளியில ஒரு கடற்தொழில் குடும்பத்துக்கு. குசினிய வீட்டிட மேற்குப் பக்கமா வச்சு, நல்லாக் காத்து வரட்டும் எண்டு பெரிய யன்னலும் வச்சன். பிளான்ல வடிவாத்தான் இருந்துது. ஆனி ஆடியில மேற்கால வீசிற கச்சான் காத்து தொடங்கினதும் அந்த யன்னலால புழுதியும் வந்து, விறகடுப்புப் புகை முழுக்க ஹோலுக்குள்ள அடிச்சுது. அந்த வீட்டு அம்மா என்னக் கூப்பிட்டுக் கோவிக்கேல்ல, கையப் பிடிச்சுக் கொண்டுபோய் வெளியில நிப்பாட்டி, "பிள்ள, கச்சான் இஞ்சால இருந்து வரும், கொண்டல் அஞ்சால இருந்து வரும், அடுப்புக்கு ரெண்டு முகமும் காட்டக்கூடாது" எண்டா. இந்த ஊரில பிறந்த எனக்கு அது தெரிஞ்சிருக்க வேணும். 18 வயசுக்குப் பிறகு ஒரு ஆடி மாசமும் நான் வீட்டில நிக்கேல்ல, படிக்கேக்கயும் லீவில்ல, வேலைக்குப் போயும் லீவில்ல. யன்னல அடைச்சு, கூரையப் பின்னுக்கு இறக்கி ஒரு பத்தி போட்டுக் குடுத்தன், என்ட செலவில. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டின வீடுகள் பக்கம் போனாலும் இதத்தான் பாக்கலாம், உள்ளுக்க ஒரு குசினி, பின்னால சனம் தாங்களே தகரத்தாலயும் கிடுகாலயும் இறக்கின பத்தி, கன வீட்டில சமையல் நடக்கிறது அந்தப் பத்திக்குள்ள தான்.

எல்லா ஒஃபிஸும் ஒண்டு எண்டு நான் சொல்ல மாட்டன். கடைசியா வேலை செய்த இடத்தில இருந்த அக்கா அஞ்சரைக்கு லைட்ட நிப்பாட்டுவா. சொல்லிப்போட்டு நிக்க மாட்டா, முதல் ஆளாத் தானே பையத் தூக்கிக்கொண்டு போவா, அப்ப தான் நாங்களும் எழும்புவம். புது ட்ரெய்னி வந்தா முதல் கிழமை கம்ப்யூட்டர் குடுக்க மாட்டா, சைட்டுக்கு அனுப்பி மேசன்மாரோட நூல் பிடிக்க விடுவா. ஒருக்கா ஒரு ட்ரெய்னித் தம்பி கீறின மாடிப்படிக்கு மேல பீம் வந்து தலை இடிக்கிற மாதிரி ஆகிப்போச்சு, ஆறடிக்குக் கொஞ்சம் மேல தான் இடைவெளி, கொன்கிறீட்டும் போட்டு முடிஞ்சுது. கிளையன்ட் சத்தம் போட்டார், ஆர் கீறினது எண்டு கேட்டார். "கையெழுத்து என்னுடையது, பிழையும் என்னுடையது" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு, அண்டைக்குப் பின்னேரமே படியத் திருப்பிக் கீறிக் குடுத்தா. அந்தத் தம்பிட பேர் வெளியில வரவே இல்ல. தலைமை எண்ட சொல்லக் கேட்டா எனக்கு இப்பவும் ஞாபகம் வாறது அந்தப் பின்னேரம் தான்.

நானும் இப்ப ஒஃபிஸ் நடத்திறன், மாசக் கடைசியில சம்பளம் குடுக்கிற பாடு எனக்கும் தெரியும், கிளையன்ட் காசு பிந்தும், பிளான் சபைக்குப் போய்த் திரும்பி வரும், டெட்லைன் மட்டும் பிந்தாது. முக்கியமான வேலைக்கு மூண்டு நாள் நித்திரை முழிக்கிறத நான் பிழை எண்டு சொல்லேல்ல, நாங்க ஆசையோடயும் முழிச்சிருக்கிறம். வருசம் முழுக்க அப்பிடி எண்டா அது டெட்லைன் இல்ல, நீங்க எடுத்த வேலைக்கு ஆள் காணாது எண்டு தான் அர்த்தம். அந்தக் குறைய 24 வயசுப் பிள்ளைட நித்திரையால நிரப்பாதீங்க. "நாங்களும் அப்பிடித்தான் வந்தம்" எண்டு சொல்லுவீங்க, உண்மை தான், ஆனா உங்களோட படிச்ச எத்தின பேர் இப்ப தொழில்ல இல்ல எண்டு ஒருக்கா எண்ணிப் பாருங்க, அதில பொம்பிளைகள் எத்தின பேர் எண்டும் பாருங்க. என்ட பட்ச்சில பிள்ளை பிறந்த பிறகு திரும்பி வராதவங்க இருக்கிறாங்க, எங்களில நல்லாக் கீறினவங்க அவங்க தான்.

இன்னொண்டும் கேக்கிறன். பயிற்சிக்காலத்தில ஒரு பகுதியாவது கொழும்புக்கு வெளியில செய்ய வழி விடுங்க, ஒரு ஆறு மாசம் போதும். ஒஃபிஸ் உங்கட பேரில இருக்கட்டும், மேற்பார்வை நீங்களே பாருங்க, பிள்ளை இஞ்ச இருந்து வேலை செய்யட்டும். போர்த்துக்கீசர் கோணேசர் கோயில இடிச்சு அந்தக் கல்லாலயே 1624ல கட்டின கோட்டை இருக்கு, இரண்டாம் உலகப்போருக்கு முதல் வெள்ளைக்காரர் கட்டின 99 எண்ணெய் டாங்கி இருக்கு, அதுகளப் பாக்கிறதுக்கு ஆக்கள் வருவாங்க. பெருந்தெருவிலயும் திருக்கடலூரிலயும் தம்பலகாமத்திலயும் மிச்சமா நிக்கிற முத்த வீடுகள அளக்கத்தான் ஆளில்ல, வருசத்துக்கு வருசம் குறைஞ்சுகொண்டு போகுது. ட்ரெய்னிக்குச் சம்பளத்தச் சரியாக் குடுங்க, கொழும்பில அறை வாடகை என்ன எண்டு உங்களுக்குத் தெரியும், எங்கட பிள்ளைகளுக்கு அங்க போய்ப் படுக்க மாமா வீடு இல்ல.

அம்மம்மாட வீட்ட நான் இப்பவும் கீறிக்கொண்டு தான் இருக்கிறன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தில பெரியம்மாவையும் சின்னம்மாவையும் இருத்திவச்சுக் கேக்கிறது, கிணத்தடிக்கு மூண்டு படி எண்டுறா ஒருத்தி, நாலு எண்டுறா மற்றவ, விறாந்தையில பாய் நீட்டா எத்தின விரிக்கலாம் எண்டு கேட்டு அகலத்தக் கணக்குப் பண்ணுறன். காணிய வாங்கினவர் நல்ல மனுசன், கிணத்தப் பாக்க உள்ளுக்க விட்டார். கிணத்துக் கட்டுக்குப் பக்கத்தில மண்ணக் கிளறேக்க கடைசிப் படி அப்பிடியே இருந்துது, உயரம் 7 அங்குலம். நாலு படி எண்டா குசினி நிலம் 28 அங்குலம் உயரத்தில, மூண்டெண்டா 21. கிணத்தடியில நிண்டா குசினி நிலம் என்ட இடுப்பளவுக்கு வரும் எண்டு எனக்கு ஞாபகம், எனக்கு அப்ப ஏழு வயசு, அதால நாலு எண்டு தான் போட்டிருக்கிறன்.

மூதூர்ப் பிள்ளைக்கு நான் இன்னும் பதில் சொல்லேல்ல. வாற வெள்ளி பத்திரகாளி அம்மன் கோயிலடியில சந்திக்கிறதாச் சொல்லியிருக்கிறா. அதுக்குள்ள உங்களில ஒருத்தராவது, அஞ்சரைக்கு வீட்ட போகலாம், ஆறு மாசம் திருகோணமலையில இருந்து வேலை செய்யலாம் எண்டு சொன்னீங்க எண்டா, அந்தப் பதிலை நான் அவட்டச் சொல்லுவன். மூண்டாவது மேசை ஒண்டு போட இடம் இருக்கு, யன்னல் கிழக்குப் பக்கம்.

இப்படிக்கு,
பெருந்தெருவில பிறந்த ஒரு ஆர்க்கிடெக்ட்