விலையைக் குறைக்காதே, கண்ணு

அன்புள்ள கண்ணுவுக்கு,

நேற்று போனில் உன் குரலைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. எனக்குத் தூக்கம் வந்தது. ஆனாலும் இதை எழுதிவிட வேண்டும் என்று பட்டது. போனில் நான் ஆரம்பித்தால் "சரிங்கப்பா, சரிங்கப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தில் அது நடக்காது.

டிசம்பர் பாதியிலிருந்தே உன் வெப்சைட் வேலை நின்றுவிட்டது என்கிறாய். மியூனிக்கில் 24ஆம் தேதி மதியத்தோடு கடைகளை அடைத்துவிடுவார்கள், உனக்கு வேலை தரும் கம்பெனிக்காரர்கள் ஜனவரி 6 பண்டிகையும் முடிந்துதான் மெயிலைத் திறப்பார்கள் என்கிறாய். போதாததற்கு 10ஆம் தேதி வரியின் முன்பணத் தவணை வேறு கட்டியிருக்கிறாய். காலை எட்டு மணிக்கு விடிந்து மாலை நாலரைக்குள் இருட்டிவிடும் ஊரில், ஒற்றை அறையில் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் கிலி பிடிக்கத்தான் செய்யும்.

ஆனால் நீ பவர் டேபிள் வைத்து, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் துணி தைத்துக் கொடுக்கும் வீட்டில் வளர்ந்தவள். தீபாவளி முடிந்த திருப்பூர் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? டெய்லர்கள் போனஸ் வாங்கிக்கொண்டு மதுரைக்கும் தேனிக்கும் பஸ் ஏறிவிட்டால் தெருவே காலி. அவர்கள் திரும்பி வந்தாலும் கம்பெனியிலிருந்து தைக்கத் துணிக் கட்டு வராது. வாடகையும் கரண்ட் பில்லும் மட்டும் தவறாமல் வரும்.

அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனி மேனேஜர் டீ குடிக்க வருவார். "மிஷின் சும்மாதானே நிற்கிறது? பீஸுக்கு ஐம்பது பைசா குறைத்துக்கொள்ளுங்கள், சீசன் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்பார். பக்கத்து வீதிக்காரர் ஒருமுறை தலையாட்டிவிட்டார். சீசன் வந்தது. பழைய கூலியைக் கேட்டபோது வந்த பதில், "போன மாதம் கட்டுபடியாகாமலா தைத்தீர்கள்?" அதற்கு என்ன சொல்ல முடியும்? கூலி அங்கேயே நின்றது. கடைசியில் அவர் இரண்டு ஃபிளாட்லாக் மிஷினை விற்றார்.

அதனால்தான் சொல்கிறேன். பண்டிகைச் சலுகையாகப் பாதி விலைக்கு வெப்சைட் கேட்கிறாரே, அவருக்கு மாட்டேன் என்று சொல். கட்டாயம் ஏதாவது செய்துதான் ஆகவேண்டும் என்றால் வேலையைக் குறை, விலையைக் குறைக்காதே. பத்துப் பக்கத்துக்குப் பதில் நாலு பக்கம் செய்து கொடு. குறைந்த தொகையாகவே இருந்தாலும் உன் ரேட் உன்னிடம் இருக்கும்.

சும்மா நிற்கும் நாளில் நாங்கள் வேறு என்ன செய்வோம்? மிஷினைத் திறப்போம். ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷினின் மூடியைக் கழற்றினால் லூப்பருக்கு அடியில் பஞ்சு அடையாக அப்பியிருக்கும். கடைசியாகத் தைத்த நீலம், மெரூன், சாம்பல் எல்லாம் வரிவரியாகத் தெரியும். பிரஷ்ஷால் சுரண்டி எடுத்து, ஆயில் மாற்றி, கத்தியைச் சாணை பிடித்து வைத்தால் சீசனில் நூல் அறுபடாது. உன்னுடைய சொந்த வெப்சைட்டைப் போன வாரம் உன் தம்பி காட்டினான். ஊருக்கெல்லாம் செய்து கொடுப்பவளின் பக்கத்தில் பழைய வேலைகளே கிடக்கின்றன. முதலில் அதைச் சரிசெய்.

அடுத்தது வசூல். பில் போய்ச் சேர்ந்து 30 நாளில் பணம் வராவிட்டால் வட்டி கேட்கலாம் என்று அந்த ஊரில் சட்டம் இருப்பதாக நீதான் சொன்னாய். சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று இங்கேயும் 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, செக் கம்பெனி மேசை டிராயரில் இருக்கிறது, அது வேறு கதை. பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இப்போதே நினைவூட்டல் எழுதி வைத்து, 7ஆம் தேதி காலையில் அனுப்பு. லீவு முடிந்து வந்து உட்கார்ந்ததும் அவர்கள் கண்ணில் முதலில் உன் பில்தான் பட வேண்டும்.

மதியத்தில் வெயில் இருக்கும்போது ஒரு நடை போய்வா. ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. அரிசியும் பருப்பும் ஆக்குவதற்குக் குக்கரில் எத்தனை நேரம் ஆகிவிடும்? நெய் இல்லாவிட்டால் அங்கே கிடைக்கும் வெண்ணெயை உருக்கிக்கொள். கொள்ளும் நாட்டுச்சர்க்கரையும் அம்மா பார்சல் கட்டி வைத்திருக்கிறாள்.

ஜனவரி வாடகைக்கு இடித்தால் வாய்விட்டுச் சொல். அதைக் கடன் என்று நான் கணக்கில் எழுதப்போவதில்லை.

பட்டிப் பொங்கலன்று அமுச்சிப் பாட்டி வீட்டுத் தோட்டத்தில் இருப்போம். அங்கே சிக்னல் சரியாக எடுக்காது. இரவு எட்டரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவோம், உனக்கு மாலை நாலு மணி. அப்போது கூப்பிடு, அந்தப் பாதி விலைக்காரருக்கு என்ன பதில் எழுதினாய் என்று சொல்.

அன்புடன்,
அப்பா