அந்தப் புளொப்பிப் பெட்டியை எறிந்துவிடாதீர்கள்

தொண்ணூறுகளில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் கணினி வகுப்பு நடத்திய ஆசிரியர்மாருக்கு,

வணக்கம் சேர். உங்களில் ஒருவரிடம்தான் நான் டேர்போ பாஸ்கல், அதாவது பாஸ்கல் மொழியில் எழுதும் நிரலைக் கணினி ஓட்டக்கூடியதாக மாற்றும் தொகுப்பி, படித்தேன். ஒரு கணினிக்கு மூன்று பேர் நெருக்கிக்கொண்டு இருந்து பார்த்த அந்த நீலத் திரையும் மஞ்சள் எழுத்தும் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

சென்ற மாதம் அவருடைய வீட்டைக் காலிசெய்யும்போது, பழைய பேப்பரோடு போக இருந்த ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கேட்டு வாங்கி வந்தேன். உள்ளே பன்னிரண்டு புளொப்பிகள். கடற்கரைக் காற்றும் ஈரமும் சும்மா விடுமா? ஐந்தில் பூஞ்சணம். மிச்சம் ஏழையும் படிக்க முடிந்தது. அவற்றில் புறக்கோட்டை இரும்புக் கடை ஒன்றுக்காகச் சேர் எழுதிய கடன் கணக்கு நிரல் இருந்தது. நடுவில் ஒரு குறிப்பு, ஆங்கில எழுத்தில் தமிழ்: 'இதில கை வைக்காதே'. சேரின் குரலே கேட்டதுபோல இருந்தது.

முதலில் பழைய விண்டோஸ் எக்ஸ்பி மடிக்கணினியில் ஓடவிட்டேன். 'ரன்டைம் எரர் 200' என்று சொல்லி நின்றுவிட்டது. நிரலில் பிழை இல்லை. டேர்போ பாஸ்கல் 7இல் திரையையும் விசைப்பலகையையும் கவனிக்கும் சிஆர்டி யூனிட், தொடங்கும்போதே கணினியின் வேகத்தை அளக்க ஒரு கணக்குப் போடும். 1992இல் வந்த தொகுப்பி அல்லவா, இன்றைய வேகத்துக்கு வரும் விடை 16 பிட்டுக்குள் அடங்காது. 64 பிட் விண்டோஸோ 16 பிட் நிரல்களைத் தொடவே தொடாது. பழைய டொஸ் கணினிபோல நடிக்கும் டொஸ்பொக்ஸில் வேகத்தைக் குறைத்துப் போட்டேன், ஓடியது.

அப்புறம் தரவுக் கோப்பை மட்டும் இன்றைய இலவசத் தொகுப்பியான ஃப்ரீ பாஸ்கலில் திறந்து பார்த்தேன். முதல் பெயர் மட்டும் சரி, அதற்குப் பிறகு எல்லாம் குப்பை. டேர்போ பாஸ்கலில் தசம எண்ணுக்கான 'ரியல்' 6 பைட், இங்கே 8. ஃப்ரீ பாஸ்கலில் அதை மாற்ற வழி இருக்கிறது. ஆனால் எந்தத் தொகுப்பியில் எழுதியது என்று தெரிந்தால்தானே எதை மாற்றுவது என்று புரியும்? மூல நிரல் தொலைந்து, தொகுத்து வைத்த டிபியு கோப்பு மட்டும் மிஞ்சியிருந்தால் இன்னும் மோசம். ஒரு பதிப்பில் தொகுத்ததை வேறு பதிப்பு ஏற்காது. எனக்குக் கைகொடுத்தது லேபலில் சேர் பேனாவால் எழுதியிருந்த '7.0'தான்.

போர்லண்ட் நிறுவனமே டேர்போ பாஸ்கல் 1.0, 3.02, 5.5 மூன்றையும் பின்னாளில் இலவசமாக விட்டது. தொகுப்பியை எப்படியாவது தேடிப் பிடிக்கலாம். உங்கள் நிரல்களை எங்கே போய்த் தேடுவது? அவை உங்கள் அலுமாரியில் மட்டும்தான் இருக்கின்றன.

கடைக்காரர் இன்று இல்லை. அவருடைய மகனுக்குத் திரையைக் காட்டினேன். கடன் பட்டியலில் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு போனவர், ஓரிடத்தில் நிறுத்தி, "இது எங்கட சித்தப்பா" என்றார்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். பூஞ்சணம் பிடித்ததை ட்ரைவில் போடாதீர்கள், மற்றதும் கெட்டுவிடும். லேபலை உரிக்காதீர்கள். 5¼ அங்குலப் புளொப்பி என்றாலும் பரவாயில்லை. அதற்கு யுஎஸ்பி ட்ரைவ் கிடைக்காது, ஆனால் பழைய ட்ரைவ் ஒன்றை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். சொல்லி அனுப்புங்கள், வீட்டுக்கே வந்து எடுத்துப்போய்ப் படியெடுத்துத் திருப்பித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன்,
வெள்ளவத்தை