ஷிப்ட் அட்டவணையையும் நீதிமன்றம் படிக்கும்: மனிதவளத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனங்களின் மனிதவளத் துறைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கில் நிற்கும் பெற்றோர், வழக்கறிஞர்களாகிய எங்களிடம் கேட்கும் கேள்விகளில் பல உங்களிடம் கேட்கப்பட வேண்டியவை. வாய்தாவுக்கு விடுப்புக் கேட்டால் வேலை போய்விடுமா, இரவுப் பணியில் இருப்பவரிடம் குழந்தையை ஒப்படைக்க மாட்டார்களா, வெளியூருக்கு மாற்றினால் வழக்கு என்னவாகும் என்றெல்லாம் கேட்கிறார்கள். உங்களிடம் வாய் திறக்க அவர்களுக்கு அச்சமாக இருக்கிறது.

குழந்தையைப் பற்றிய முடிவுகளில் அதன் நலனுக்கு முதன்மை தர வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 3ஆம் பிரிவு. ஆகவே யாருக்குச் சம்பளம் அதிகம் என்பது மட்டுமே வழக்கைத் தீர்மானிப்பதில்லை. வருமானக் குறைவை மற்றவர் தரும் பராமரிப்புத் தொகையால் ஈடுசெய்யலாம். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவது யார், காய்ச்சல் வந்தால் இரவில் உடனிருப்பது யார் என்பவற்றையே நீதிபதி எடைபோடுகிறார். அதற்குச் சான்றாக வருபவை நீங்கள் கையெழுத்திட்ட ஷிப்ட் அட்டவணையும், விடுப்புப் பதிவும், இடமாற்ற ஆணையும்தான்.

இரவுப் பணி ஒன்றினாலேயே யாரும் குழந்தையை இழந்துவிடுவதில்லை. அந்த நேரத்தில் பாட்டியோ வேறு நம்பகமானவரோ பார்த்துக்கொள்வார் என்று காட்ட முடிந்தால் போதும். ஆனால், அடுத்த வாரம் எந்த ஷிப்ட் என்றே தெரியாத ஒருவரால் எந்த ஏற்பாட்டையும் நீதிமன்றத்தின் முன் வைக்க முடியாது. குழந்தையின் மீது எவ்வளவு அன்பிருந்தாலும், பொறுப்பற்றவர் என்ற வாதத்துக்கு அவர் இலக்காகிவிடுகிறார். இது பெரும் அநீதி என்று நான் கருதுகிறேன்.

இடமாற்றம் இன்னும் கடுமையானது. குழந்தையை ஊரை விட்டு அழைத்துச் செல்லக் கூடாது என்ற இடைக்கால உத்தரவு இருக்கும்போது வரும் மாற்றல், ஒருவரை வேலைக்கும் குழந்தைக்கும் நடுவே நிறுத்துகிறது. பிரிந்து வாழும் பெற்றோர் இருவருடனும் தொடர்பில் இருப்பது குழந்தையின் உரிமை என்று அதே உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு சொல்வதையும் நினைவில் கொள்ளுங்கள்.

குடும்பப் பொறுப்பு என்பது பணிநீக்கத்துக்கு உரிய காரணமாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 156ஆம் உடன்படிக்கை 1981இலேயே கூறியது. ஷிப்ட், இரவுப் பணி, இடமாற்றம் ஆகியவற்றை முடிவு செய்யும்போது குடும்பப் பொறுப்புகளைக் கருத வேண்டும் என்று அதே ஆண்டின் 165ஆம் பரிந்துரை குறிப்பிடுகிறது. உடன்படிக்கை ஏற்புறுதி அளித்த நாடுகளை மட்டுமே கட்டுப்படுத்தும். பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும், அதன்படி நடக்க உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை.

வழக்கு முடியும்வரை நிலையான பணிநேரம் கொடுங்கள், வாய்தா நாளுக்கான விடுப்பை ஒழுங்கீனமாகப் பதியாதீர்கள், இடமாற்றத்தைத் தள்ளிவையுங்கள். எதிர்த்தரப்பினர் தொலைபேசியில் கேட்கிறார்கள் என்பதற்காகப் பணியாளரின் விவரங்களைச் சொல்லிவிடாதீர்கள்; நீதிமன்றம் அழைப்பாணை அனுப்பினால் மட்டும் கொடுங்கள். “வேலையை விட்டுவிடுங்களேன்” என்று அறிவுரை கூறுவதையும் தவிருங்கள். கட்டாயத்தின் பேரில் பெற்ற ராஜினாமாவைப் பணிநீக்கமாகவே கருதும் சட்டங்கள் பல நாடுகளில் உள்ளன.

பணிநேரத்தையும் விடுமுறை நாட்களையும் குறிப்பிட்டு, பணியாளர் கேட்கும்போது ஒரு கடிதம் கொடுங்கள். அதற்கு ஒரு பக்கம் போதும். அடுத்த வாய்தாவுக்கு முன் அது அவர் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்